வில்தாங்கியும் ராணி பாக் மான்களும்

தாராவியில் நான் பார்த்து வளர்ந்த ஒரே வேட்டை மூட்டைப்பூச்சி வேட்டை. அதற்கு வில் வேண்டாம், கொதிக்கிற தண்ணீர் போதும். அப்படிப்பட்ட என்னிடம், வேட்டைக்காரர்கள் வில்லை இடுப்பில் எப்படி மாட்டிக்கொண்டால் நல்லது என்று அமெரிக்காக்காரருக்கு அறிக்கை எழுதும் வேலை வந்து சேர்ந்தது. அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் நீளம் என்று வீட்டில் பெயர் வாங்கியிருந்தேன்.

எங்கள் ஆபீஸ் மாட்டுங்காவில் ஒரு மாடியில் இருந்தது. தோல் சாமான்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற சின்னக் கம்பெனி. நான் டைப்பிஸ்ட். மேனேஜர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், தோல் வியாபாரத்திலேயே தலை நரைத்தவர். ஆனால் அவர் தோலைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. சாம்பிள் வந்தால் பென்சில் நுனியால் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றபடி தங்கமான மனிதர், ஒரு நாள்கூட என்னைக் குரலை உயர்த்திப் பேசியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் இன்னமும் வில்லும் அம்புமாகக் காட்டுக்குப் போய் மான் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. அவர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு வியாபாரி எழுதியிருந்தார். காட்டில் வில்லைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்காமல் உடம்போடு மாட்டிக்கொள்ளத் தோலில் ஏதாவது வேண்டும். இரண்டு மாதிரிகளுக்குப் பத்திரிகையிலிருந்து படம் கத்தரித்து வைத்திருந்தார். ஒன்று தோளில் மாட்டுகிற வார். இன்னொன்று பெல்ட்டில் தொங்குகிற சின்னப் பை, அதில் வில்லின் கீழ்நுனி உட்கார வேண்டும். மூன்றாவதாகச் செய்கிறவரே தன் சொந்த யோசனையில் ஒன்று செய்து காட்டலாம். மூன்றையும் கட்டிப் பார்த்து, எது நல்லது, ஏன் நல்லது என்று ஒளிக்காமல் எழுதி அனுப்ப வேண்டும்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க மாமாகிட்டயே குடுத்துடும்மா. கூட இருந்து பார்த்து நீயே எழுதிடு. நேக்கு வில்லைப் பத்தி என்ன தெரியும்? ராமர் கையில பார்த்ததோட சரி."

மாமா என் அம்மாவின் தம்பி. தாராவியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தார். பெல்ட், பர்ஸ், பைக்கு வார், எல்லாம் தைப்பார். தைத்து முடித்ததும் கடைக்காரர்கள் கொடுத்தனுப்பிய இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான், அந்தக் கடையின் பெயர் தோலில் ஏறிவிடும். அந்தத் தட்டு ஒரு நாளும் பிசகியதில்லை. ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து அடுத்தவர் பெயரையே அடித்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் படங்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "ஏளா, அந்த மூணாவது, நானா யோசிச்சுச் செய்யுதது, அதுல என் பேர அடிச்சுக்கிடலாமான்னு உங்க மேனேசர்ட்ட கேளேன்."

இத்தனை வருஷத்தில் அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் மேனேஜரிடம் கேட்டேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அவரோட சொந்த யோசனையா இருந்து, அதுவே தேறித்துன்னா போட்டுக்கட்டும். படத்துல இருக்கறது தேறினா அவா மார்க்தான் போடணும். அதான் முறை." நியாயமாகத்தான் பட்டது. மாமாவிடம் வந்து சொன்னேன். அன்று அவர் சாப்பிடாமல் தோல் வெட்ட உட்கார்ந்துவிட்டார் என்று அத்தை என்னைத்தான் திட்டினாள்.

சரி, செய்ததைக் கட்டிப் பார்க்க வில் வேண்டுமே. வில் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்காரர்கள் முன்னால் கிடத்தி வைத்துக் கோலால் அடித்துப் பாடுகிற வில். ஊர்க்காரர்கள் சேர்ந்து தாராவியில் நடத்துகிற கொடைக்கென்று ஒரு வில்லை ஊரிலிருந்தே கொண்டுவந்து சங்கத்தில் வைத்திருந்தார்கள். மாமா போய்க் கேட்டார். கற்பூரம் காட்டி, திருநீறு பூசி, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பட்டறைக்குள் அது நுழையவே இல்லை. ஒருவழியாகச் சாய்த்து உள்ளே கொண்டுவந்து மாமா இடுப்பில் நிறுத்தினால், மேல்நுனி தகரக் கூரையில் முட்டியது. பார்க்கலாம் என்று அவர் ஒரு திரும்பு திரும்பினார். அத்தை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரம் முழுக்கத் தெருவுக்குப் போய்விட்டது. வில்லில் கட்டியிருந்த மணிகள் வேறு கலகலவென்று ஆடின. கொடை முன்கூட்டியே வந்துவிட்டதோ என்று பக்கத்து வீட்டுக் கிழவர் எட்டிப் பார்த்தார்.

செம்பூரில் ராம்லீலா போடுகிற கோஷ்டியிடம் வில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். இருந்தது. மூங்கில் பிளாச்சில் ஜிகினாக் காகிதம் ஒட்டியது, தூக்கினால் பாதி கையோடு பிய்ந்து வந்தது. ராவணன் பாடு தேவலை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். கடைசியில் மாமாவின் குடைதான் கைகொடுத்தது. வளைந்த பிடி வைத்த பழைய காலத்துக் கறுப்புக் குடை. வில்லின் எடை இன்னது என்று வியாபாரி எழுதியிருந்தார். தராசில் வைத்துப் பார்த்தோம், குடையும் ஏறக்குறைய அதேதான் இருந்தது. நீளம் போதவில்லை என்று அதோடு ஒரு பிரம்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டோம்.

மூன்று சாம்பிளும் தயாராயின. தோள்வார் படத்தில் உள்ளபடியே இருந்தது. இடுப்புப் பையும் மேலோட்டமான பார்வைக்குப் படம் மாதிரியே. மூன்றாவது மாமாவின் சொந்தச் செய்கை, அதைத்தான் எல்லோரும் கையிலெடுத்துப் பார்த்தோம். அகலமான தோல்பட்டை, அதில் ஒரு பித்தளைக் கொக்கி. வில்லின் நடுப்பிடியை உள்ளே அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் மறுபடி 'டக்', வில் கைக்கு வந்துவிடும். பட்டையின் அடியில் இரண்டு குட்டி மணிகளைத் தைத்திருந்தார். மணி எதற்கு என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். வில்லென்றால் மணி இருக்கும். மணியில்லாத வில் தாலியில்லாத கழுத்து மாதிரி மூளியாகத் தெரியும் எங்கள் கண்ணுக்கு.

பட்டறையில் வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு முறை மாட்டிப் பார்த்தார்கள். நானும் சேலைக்கு மேல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். நடக்க நடக்க மணி சிணுங்கியது. கொடைக்குப் புதுத்துணி உடுத்திப் போகிற மாதிரி மனசு குளிர்ந்துவிட்டது. ஒருத்தர் பாக்கியில்லாமல் மூன்றாவதுதான் முதல் என்று சொன்னோம். நான் ஆபீசுக்குப் போய் அறிக்கை அடிக்கவும் தொடங்கிவிட்டேன். பூட்டுவது சுலபம், எடுப்பது சுலபம், காதுக்கு இனிமை. மேனேஜர் பென்சிலால் அந்த மணியைத் தட்டிப் பார்த்து, "பேஷா இருக்கே" என்றார்.

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. இடுப்புப் பைக்குக் கத்தரித்து வந்த படத்தில் ஒரு வேட்டைக்காரர் இருந்தார். அவர் ஓடவில்லை, குறிபார்க்கவில்லை. ஒரு மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். அம்பு விடத்தானே ஐயா காட்டுக்குப் போனீர், அப்புறம் வில்லை எதற்கு இடுப்பில் மாட்டிவிட்டு நிற்கிறீர்? வேலை செய்யாமல் நிற்கிற ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது, அதனால்தான் அந்தப் படம் கண்ணை உறுத்தியதோ என்னவோ. டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

தெரிந்துகொள்ள ஒரே வழி, நானும் நின்று பார்ப்பதுதான். காலையில் குழாயடி வரிசையில் எப்படியும் நிற்கத்தானே போகிறோம் என்று குடையையும் எடுத்துக்கொண்டு போனேன். இடது கையில் வில்லைப் பிடிப்பதுபோல் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். வானம் வெளுத்துக் கிடந்தது, ஒரு சொட்டு மழையில்லை. ஜனங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. வரிசை பாதிகூட நகரவில்லை, தோள் இற்றுப்போய்விட்டது. கையை மாற்றினேன், அதுவும் வலித்தது. தண்ணீர் வந்தபோது குடத்தைத் தூக்கக் கை வரவில்லை. அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதர் காத்துக்கொண்டு நிற்கிறார். மான் அவர் கூப்பிட்டா வரப்போகிறது? அதற்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது வரும். அதுவரை கை சோர்ந்துபோகாமல் இருக்கத்தான் இந்தச் சாமான்.

காத்துக்கொண்டு நிற்கிறார் என்பது தெரிந்ததும் அடுத்தது தானாக வந்தது. அதற்குக் காரணம் எங்கள் அத்தை. அன்று பட்டறையில் ஒரு பெருச்சாளி புகுந்துவிட்டது. அத்தை விளக்குமாற்றை எடுத்தாள். எடுத்தவள், முதல் காரியமாகக் கையிலிருந்த கண்ணாடி வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றி இறுக்கிவிட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் அடிமேல் அடிவைத்துப் போனாள். நான் அதைப் பார்த்தேன். ஆணியில் மாட்டியிருந்த பட்டையின் மணிகளையும் பார்த்தேன். பெருச்சாளியைப் பிடிக்கவே வளையல் சத்தம் ஆகாது என்றால், மானைப் பிடிக்க மணியைக் கட்டிக்கொண்டா போவார்கள்?

உடனே மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒருவேளை மான்களுக்கு மணிச்சத்தம் ஒரு பொருட்டே இல்லையோ என்னவோ, யார் கண்டது? மானைத்தான் கேட்க வேண்டும். பம்பாயில் மான் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்து ராணி பாக் மிருகக்காட்சிசாலை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று சாம்பிளையும் பையில் போட்டுக்கொண்டு, குடையோடு சயானில் ரயிலேறி பைகுலாவில் இறங்கினேன். வாசலில் நின்ற காவலாளி, குடையோடு எதற்குப் பிரம்பைக் கட்டியிருக்கிறாய் என்று இந்தியில் கேட்டார். குடைக்கம்பி உடைந்துவிட்டது என்றேன். முழுப் பொய். அவர் நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டார்.

புள்ளிமான்கள் கூட்டமாகத் தலைகுனிந்து புல் மேய்ந்துகொண்டிருந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் கடலைக்காரன் கத்துகிறான், குழந்தைகள் கூச்சல் போடுகிறார்கள். எதற்கும் அசையவில்லை. இந்த மான்களுக்குக் காது செத்துப்போய்விட்டது, நம் சோதனை நடந்தாற்போலத்தான் என்று நினைத்தேன். இருந்தாலும் வந்தாயிற்று. மாமாவின் பட்டையைக் கட்டிக்கொண்டு இடுப்பை லேசாக அசைத்தேன். மணி சிணுங்கியது. கிட்டத்தில் நின்ற இரண்டு மான்கள் தலையைத் தூக்கின. குடையைக் கொக்கியில் வைத்து அழுத்தினேன். 'டக்'. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, காதுகளை விரித்து, என்னையே பார்த்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதைவிட அதிசயம், எல்லாம் ஓடாமல் என்னை நோக்கி வர ஆரம்பித்தன.

பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த ஆள் சிரித்தான். தீவனம் கொண்டுவருகிறவர் கதவுக் கொக்கியைத் திறக்கும்போதும் இதே சத்தம்தான் கேட்குமாம். சாப்பாடு வந்துவிட்டது என்று நினைத்து வருகின்றனவாம். ஆக, பம்பாய் மான் சத்தம் கேட்டுக் கிட்டே வருகிறது, அமெரிக்க மான் சத்தம் கேட்டு ஓடிப்போகும். ஆனால் இரண்டுக்கும் கேட்கிறது. இத்தனை கூச்சலுக்கு நடுவில் ஒரு சின்ன டக்கை அவை தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டன பாருங்கள், அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

தோள்வாரைப் போட்டுப் பார்த்தேன். சத்தமில்லை. ஆனால் கழற்றத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது, குடைப்பிடி கொண்டையில் மாட்டிக்கொண்டு, நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தே மான்கள் பின்வாங்கின. கடைசியாக இடுப்புப் பை. குடை நுனியை அதில் இறக்கினேன், எடுத்தேன், மறுபடி இறக்கினேன். ஒரு மான்கூடத் தலை தூக்கவில்லை. நடந்தேன், குனிந்தேன், திரும்பினேன். அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. படத்தைப் பார்த்துச் செய்த பை ஜெயித்துவிட்டது. அப்படியானால் மாமாவின் பெயர் தோலில் ஏறாது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், மான்கள் மேல்கூடக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சொல்லிவிட்டேன். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. மாமா வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்தார்.

"மான் சொல்லிச்சாக்கும்?"

"தலையைத் தூக்கிச்சு மாமா. எல்லாம் ஒண்ணாத் தூக்கிச்சு."

"அடைச்சுப் போட்டு வளக்குத மானு. அதுக்கு என்னளா தெரியும்? காட்டு மான் கண்டுக்கிடாது."

"நீங்க காட்டு மானை எங்க பாத்திய?"

கேட்டிருக்கக் கூடாதுதான். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வாரம் முழுக்கப் பட்டையோடேயே மல்லுக்கட்டினார். மணியைப் பிய்த்து எறிந்தார். கொக்கியின் வாயில் மெல்லிய தோலைச் சுற்றிப் பார்த்தார். சத்தம் போனது, ஆனால் கொக்கி திறக்க மறுத்தது. தோலைக் குறைத்தார், திறந்தது, டக் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தை அரம் போட்டு ராவினார். மெழுகு தடவினார். வேறு கொக்கி வாங்கிவந்தார். பட்டறையில் மற்ற வேலையெல்லாம் அப்படியே கிடந்தது. சோற்றுத் தட்டை நீட்டினால்கூட அவர் நிமிரவில்லை, அத்தை அதை மூடி வைத்துவிட்டுப் போவாள்.

அடுத்த ஞாயிறு காலையில் வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் குடை. "வா, போவம்" என்றார். மற்ற சாம்பிள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மான் வேலியின் முன்னால் தானே பட்டையைக் கட்டிக்கொண்டார். ஆட்கள் பார்க்கிறார்களே என்றெல்லாம் அவர் கூசவில்லை. குடையைக் கொக்கியில் மெதுவாக, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல வைத்து அழுத்தினார். டக். மான்கள் நிமிர்ந்தன. எடுத்துவிட்டு இன்னும் மெதுவாக வைத்தார். டக். நிமிர்ந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் வைத்தார். அவருக்கே சரியாகக் கேட்டிருக்காது, அவை நிமிர்ந்தன. வேலிக்குள் ஒரு குட்டி மான் அவர் கிட்டேயே வந்து மூக்கை நீட்டியது. மாமா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பிலிருந்து பட்டையை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அந்த இடுப்புப் பையை எடு."

கொடுத்தேன். கட்டிக்கொண்டு குடையை இறக்கினார். மான்கள் மேய்ந்தன. எடுத்தார், இறக்கினார். மேய்ந்தன. "இதையே எழுது" என்று சொல்லிவிட்டு அங்கிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. வேலியருகிலேயே நின்று பையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

சும்மா இருக்கத் தெரியாத கை அல்லவா, உள்ளே விட்டேன். மெத்தென்று இருந்தது. முடி கழிக்காத ஆட்டுக்குட்டித் தோலை, முடிப்பக்கம் தெரிய உள்ளே மடித்துத் தைத்திருந்தார். எனக்குத் திடீரென்று படம் ஞாபகம் வந்தது. படத்தில் பையின் வாயைச் சுற்றி இரும்புத் தட்டாணிகள் வரிசையாக இருக்குமே? பையைப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. எல்லாம் கையால் போட்ட தையல். உள்ளே மெத்தை என்பது படத்தில் கிடையவே கிடையாது.

பெஞ்சுக்கு ஓடினேன். "மாமா, இதுல ஏன் ஆணி வைக்கல? உள்ள ஏன் முடித்தோலு வச்சிய?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "வில்லு உக்காருத எடத்துல ஆணி அடிப்பாவளாக்கும்? வெறுங்கட்டையிலயா வில்ல வைப்பாவ? வில்லுப்பாட்டுல வில்லத் தாங்குத குடத்துக்கே வைக்கோல்ல புரிமணை போட்டுல்லா வைக்கோம். சாமி உக்காருத எடம் மெத்துனு இருக்கணும்லா."

"அப்ப அது படத்துல உள்ள பை இல்ல மாமா. அது நீங்க செஞ்ச பை!"

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். புரிய வைக்க எனக்கு நேரம் பிடித்தது. மணியைக் கட்ட வைத்ததும் அந்த வில்லுப்பாட்டு வில்லுதான், மெத்தையை வைக்க வைத்ததும் அதே வில்லுதான். ஒன்று மானை எழுப்பிவிட்டது, இன்னொன்று அதை மேயவிட்டது. அவரோ மணியையும் கொக்கியையும் மட்டும்தான் தன் யோசனை என்று நினைத்திருந்தார். மெத்தையை யோசித்ததாகவே அவருக்கு நினைவில்லை. அது அவருக்கு அப்படித்தான் இருக்க வேண்டிய ஒன்று.

திங்கட்கிழமை அறிக்கையைப் புதிதாக அடித்தேன். தோள்வார் ஏன் ஆகாது, கொக்கி ஏன் ஆகாது, மணியை நாங்கள் ஏன் வைத்தோம், மான்கள் என்ன செய்தன என்று எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில், பையில் ஆணி இல்லாததும் உள்மெத்தை இருப்பதும் செய்தவரின் சொந்த யோசனை, இந்தப் பையின் நன்மை முழுக்க அந்த இரண்டிலும்தான் இருக்கிறது, ஆகவே அவர் பெயரை அதில் போட அனுமதிக்க வேண்டும் என்று எழுதினேன்.

மேனேஜர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எல்லாம் சரிம்மா. கடைசிப் பாராவை எடுத்துடு. படத்துல இருக்கற பைதானே? உள்ள துணி வச்சுத் தச்சா சொந்த யோசனை ஆயிடுமா?"

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகிவிடும். அன்றைக்கு நெருப்பாகவே ஆகிவிட்டது. சாம்பிளை எடுத்து அவர் முன்னால், அவர் காகிதங்கள் மேலேயே வைத்தேன். "துணி இல்ல சார். கையை உள்ள விட்டுப் பாருங்க." அவர் வழக்கம்போலப் பென்சிலைத் தேடினார். "பென்சிலுக்குத் தெரியாது சார்" என்றேன்.

வேலை போகும் என்றுதான் நினைத்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டார். விட்டவர், உடனே எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கை முழுவதும் உள்ளே போனது. "அடேடே" என்றார். "சத்தமே வராதேம்மா இதுல." கையை வெளியே எடுத்து, அதே கையால் பேனாவைத் திறந்து, கடைசிப் பாரா உட்பட எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.

பதில் வர மாதங்கள் ஆயின. மாமா அதைப் பற்றி என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆனால் நான் ஆபீஸ் விட்டு வரும் நேரத்துக்குச் சந்து முனையில் பீடி வாங்க வந்து நிற்பார். என் முகத்தைப் பார்ப்பார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிடுவார். ஒரு நாள் நான் சந்து முனைக்கு ஓடியே வந்தேன். அமெரிக்காக்காரருக்குப் பைதான் வேண்டுமாம். உள்மெத்தையில் ஒரு மாற்றமும் செய்யக் கூடாதாம். செய்தவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். மாமா பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "சத்தியமாவா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது.

மறுநாளே தன் பெயரில் அச்சு வெட்டக் கொடுத்தார். அது வந்த அன்று பட்டறையில் எல்லோரும் கூடிவிட்டோம். அத்தை அச்சுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். மாமா முதல் பையை மரக்கட்டையின் மேல் பரப்பி, அச்சை நிறுத்தி, சுத்தியலை எடுத்தார். எடுத்தவர் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். ஓங்கி அடித்தார்.

அடி பலமாக விழுந்துவிட்டது. அச்சு தோலைக் கிழித்துக்கொண்டு கட்டையில் போய்ப் பதிந்தது. தூக்கிப் பார்த்தால் பெயர் இருந்த இடத்தில் ஓட்டை. பை வீண். மாமா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்தன வருசம் அடுத்தவன் பேர அடிச்சம்லா, ஒரு நாளாவது கை பிசகிச்சா? இப்பம் பாரேன்" என்றார் என்னிடம். சொல்லிவிட்டு, சுத்தியலை மடியில் போட்டுக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடி அழுதார்.